சைனாதான், சந்தேகமே இல்லை

பழைய மங்குச் சாமானைப் பார்த்து அசலா போலியா என்று சொல்கிற தொழிலுக்கு இரும்பு நெஞ்சு வேண்டும். எனக்கு வாய்த்தது பீங்கான். உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற தொழில் எதில் இருந்தாலும் சரி, அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குப் போகிற வழியில் என் கடை. பக்கத்தில் பூட்டுக்கடை. அதன் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு: ‘இங்கு சைனா பொருள் கிடையாது’. நான் தேடுவது, விற்பது, ஆசைப்படுவது எல்லாமே சீனாவிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த தட்டும் கிண்ணமும்தான். அந்தப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பேன். சிரித்திருக்கக் கூடாது.

காலடி மண்

நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் ஒரு கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வெள்ளையில் நீலப்பூ. கவிழ்த்து எடுத்த படத்தில் அடி வளையம் முழுக்கப் பொடிமணல் ஒட்டியிருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். பழைய சீனச் சூளைகளில் சாமான் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அடியில் மணல் பரப்பிச் சுடுவார்கள். அந்த மணல் வெந்து வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்குச் செய்கிற போலியில் அந்த இடம் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். உடனே கொண்டு வாருங்கள் என்றேன்.

கொண்டு வந்தார். கவிழ்த்தேன். மாதாவே! அடி கண்ணாடி மாதிரி மின்னியது. மணலைக் காணோம், வளையத்திலேயே பாதியைக் காணோம். மனிதர் சந்தோஷமாக விளக்கினார்: “ஏனுங்க, அடியில ஒரே மண்ணா நறநறன்னு இருந்துச்சுங்க. வீட்ல தரைக்கு பாலிஷ் போட ஆள் வந்திருந்தாங்க, அப்படியே இதுக்கும் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லிட்டேனுங்க!”

டீ வைத்தியம்

ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் பிடித்து வரும் தரகர் ஒருவர் எனக்கு உண்டு. ஒருநாள் துண்டில் சுற்றி ஒரு ஜாடியைக் கொண்டுவந்தார். மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல், கீறலெல்லாம் பழுப்பு. “அக்கா, இது ராசா காலத்துது. பிரியாணிக்கடை முதலாளி ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார். கையில் எடுத்தபோதே மூக்கில் ஏதோ பழக்கமான வாசனை அடித்தது.

ஒரு வாளி வெந்நீரில் ஜாடியை இறக்கினேன். செத்த நேரத்தில் தண்ணீர் சிவந்துபோனது. புதுச் சாமானை டீத்தண்ணியில் ஊறப்போட்டு வயசு ஏற்றியிருக்கிறார்கள்! காலங்காலமாக ஏறிய அழுக்கு இப்படி ஒரு முக்கில் இறங்காது. எனக்கு வந்த கோபத்துக்கு வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “சீனி போடலக்கா. சுகர்காரவுகளும் குடிக்கலாம்.”

பாகத்தில் வந்த தட்டு

ஆத்தூரில் பூ விவசாயம் செய்கிற பாண்டியம்மா, புருஷன் இல்லாதவள். ஒருநாள் பூக்கூடைக்குள் பழைய சேலையில் சுற்றி ஒரு பச்சைத் தட்டைக் கொண்டுவந்தாள். மாமியார் போனபின் பாகம் பிரித்தபோது, புருஷனின் அண்ணன் மாமியாரின் தங்கச் சங்கிலியைத் தான் வைத்துக்கொண்டு, “இது ரங்கூன்ல இருந்து வந்த சாமான், சங்கிலிக்குச் சமம்” என்று இவளிடம் இந்தத் தட்டைத் தந்துவிட்டாராம். தெருவே கேலி பேசுகிறதாம். “எனக்கு வெலயெல்லாம் வேண்டாங்கக்கா. என்னைய ஏமாத்திட்டாகளா இல்லையா, அது மட்டும் தெரியணும்” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இளம் வேப்பிலைப் பச்சை. மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சு நல்ல கனம். ஆனால் அடி முழுக்கச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. இந்த மாதிரித் தட்டுக்கு அடியில்தான் சூட்சுமமே. பூச்சில்லாத ஒரு வளையம் அங்கே செங்கல் நிறத்தில் வெந்திருக்க வேண்டும். போலிக்காரன் அதைச் சாயம் பூசி ஏமாற்றுவான், தண்ணீரில் ஊறினால் சாயம் போய்விடும். “வீட்டுக்குப் போய் வெறும் தண்ணியில ஊறப்போடு தாயி. தேய்க்காதே. சுண்ணாம்பு விட்டதும் படம் அனுப்பு” என்று அனுப்பிவைத்தேன்.

படம் வந்தது. செக்கச்செவேலென்று வளையம்! சாயமில்லை, சூளை நெருப்பு பட்ட சிவப்பு. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பச்சையில் என் கையில் பட்ட முதல் அசல்! உடனே போன் போட்டுக் கத்தினேன்: “பாண்டியம்மா, சைனாதான்! சந்தேகமே இல்லை!” அவள் மெதுவாக, “சைனாவாக்கா?” என்றாள். “நூத்துக்கு நூறு சைனா!” என்றேன். பாவம், சந்தோஷத்தில் நம்ப முடியாமல் கேட்கிறாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்: “சரிக்கா, தெரிஞ்சுபோச்சு. இனி நான் பாத்துக்கிறேன்.”

ஆத்தூர் தெரு

அதன்பின் அவள் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் கடையைத் திறக்க வந்தேன். பூட்டுக்கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சத்தம் போட்டார்: “இதென்ன சைனா பீஸாங்க, ரெண்டு நாள்ல பல்லிளிக்க?” எனக்குச் சுரீரென்றது. போர்டை நிமிர்ந்து பார்த்தேன். அடக் கடவுளே! நான் சொன்ன சைனா வேறு, அவள் காதில் விழுந்த சைனா வேறு! கடையைத் திறக்காமலே ஆத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

தெருமுனையிலேயே கூட்டம். புருஷனின் அண்ணனான அந்த மூத்தவர் வீட்டு வாசலில் பச்சைத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. நடுவில் பாண்டியம்மா தலைமுடி அவிழ்ந்து, “சைனா பீஸைக் குடுத்தா என்னைய ஏமாத்துனீக?” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். நான் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு துண்டை எடுத்தேன். உடைந்த இடத்தில் அசலுக்கே உரிய சாம்பல் வெள்ளை மண், அதன்மேல் கனத்த பச்சை. முழுசாக இருந்தபோது ஒரு மயிரிழைச் சந்தேகமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

“நீங்கதானக்கா சைனான்னு சொன்னீக?” என்றாள் என்னைப் பார்த்து. “சைனாதான் தாயி. போலிச் சைனா இல்லை, நெஜமாவே சீன தேசத்திலிருந்து வந்த அசல். சங்கிலி எல்லாம் இதுக்குக் கிட்டவே வராது” என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பாண்டியம்மா துண்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப... மச்சான் என்னைய ஏமாத்தலையா?” என்றாள். அதுவரை வாசல்படியில் விறைப்பாக நின்ற மூத்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, ஊரே கேட்க அலறினார்: “அடிப்பாவி மகளே, ஒண்ணுக்கும் ஆகாத தட்டுன்னு நெனச்சில்ல உன் தலையில கட்டுனேன்!”

சீன தேசம்

அவள் கேட்ட கேள்விக்கு அவர் வாயாலேயே பதில் வந்துவிட்டது. பாண்டியம்மா முதலில் சிரித்தாள், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கேட்ட தெரு சும்மா இருக்குமா? சங்கிலியை எடுத்து வை என்று அவரை இன்றுவரை பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. அவளை நினைத்தால் எனக்கு இன்னமும் சோறு இறங்குவதில்லை. அவள் கொடுத்த ஒரு துண்டு என் மேஜைமேல் இருக்கிறது. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், “சீன தேசத்துத் தட்டு” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். போன வாரம் வந்த ஒரு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தலையாட்டினார்: “சீன தேசமா? நல்லதும்மா. நாங்கூட சைனாவோன்னு பயந்துட்டேன்.”

பூட்டுக்கடைக்காரர் போர்டைக் கழற்றுவதாக இல்லை, அதனால் நான்தான் என் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன், அதுவும் சைனா பூட்டில்லை, அசல் திண்டுக்கல் பூட்டு.