கண்ணையனின் கூழ்ப் பிரச்சாரம்

"கவர்னரே வந்து நிக்கட்டும், அவரு முன்னாலயே கூழு குடிப்பேன். எனக்கின்னா வெக்கம்?" என்று முழங்கிவிட்டு, ஒரு சொம்புக் கேழ்வரகுக் கூழை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, மீசையைப் புறங்கையால் துடைத்தார் கண்ணையன். புதுச்சேரி முதலியார்பேட்டை மில்லுக்குப் பின்னால் உள்ள குடிசைகளில் செவ்வாய்தோறும் சத்துணவுப் போதனை இப்படித்தான் தொடங்கும். மில் சங்கு ஊதுவதற்குள் முடிந்தும்விடும். சத்துக் குறைவை ஒழிக்க அவரை அனுப்பிய சமூக சேவைச் சங்கம் ஒதுக்கியிருந்தது அவ்வளவு நேரம்தான்.

ஆணியில் ஒரு படம் தொங்கும். அதில் இருக்கும் ஆப்பிளையும் திராட்சையையும் மரியாதைக்குக் குச்சியால் தொட்டுவிட்டு, நேரே கேழ்வரகுக்கு வந்துவிடுவார். "எலும்பும்மா, எலும்பு!" என்று முழங்கையை மடக்கிக் காட்டுவார். சான்றுக்குக் குறைவில்லை, அவர் உடம்பில் எலும்பு எங்கும் தெரிந்தது.

கேட்பவர்கள் விருத்தாசலம் பக்கமிருந்து மில் வேலை தேடி வந்து குடியேறியவர்கள். "கூழுதான் குடிக்கணும்னா ஊர்லயே கெடந்திருப்பமே சார். சோறு துன்னத்தான இங்க வந்தோம்?" என்றாள் கொளஞ்சி. அவள் மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள். "அடுப்புல கூழப் பாத்தா, இல்லாத வூடுன்னு எழுந்து போயிடுவாங்க."

"போனா போவட்டும்! கூழுக்கு மூஞ்சி சுளிக்கிற சம்பந்தி உனக்கு எதுக்கும்மா?"

கொளஞ்சி நம்பிவிட்டாள். போதனை வரலாற்றில் அது முதல் வெற்றி. வந்தவர்களுக்கு மோர்மிளகாயோடு கூழையே கொடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பா இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்து, ஊர் நினைப்பில் கண் கலங்கி, அங்கேயே தேதியும் குறித்துவிட்டார்.

நன்றி சொல்ல, ஒரு தூக்கு நிறையக் கூழோடு ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் வீட்டுக்கே வந்தாள். கூடத்தில் அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நடு நாற்காலியில், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர். அவர் பையனுக்குப் பாரிசில் வேலை. மேசையில் கேக்கு. ஓரத்தில், ஜாக்கெட்டும் பட்டுப்புடவையும் இறுக்க, மூச்சுவிடாமல் நிற்கும் மகள்.

"சார், நீங்க சொன்னாப்லயே ஆயிடுச்சி! இவங்களுக்கும் ஊத்துங்க!" என்று தூக்கை நீட்டினாள் கொளஞ்சி.

"இன்னா அது?" என்று கழுத்தை நீட்டினார் சொல்தா.

கண்ணையன் எழுந்தார். தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொளஞ்சியைப் பார்க்கவில்லை.

"மாட்டுக்குக் கழுநீருங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டு, மாடே இல்லாத தம் கொல்லைப்புறத்தை நோக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தார்.