கறை ஜோசியர் சாப்பிடப் போனார்

நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய ஓட்டல்களில் எது உசத்தி, எது வெறும் பந்தா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், சந்தைக்குப் பின்னால் இருக்கிற லாண்டரிக்குத்தான் வருவார்கள். அங்கே ஆவிக்கும் சோப்பு நுரைக்கும் நடுவில், முட்டி வரை சுருட்டிவிட்ட கால்சட்டையோடு கனத்த ஆசாமி ஒருவர் நிற்பார். அந்த ஓட்டல்களின் மேசைத் துணிகளை எல்லாம் வெளுப்பவர் அவர்தான். அவற்றில் ஒன்றில்கூட அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பின்வாசலில் போய் அழுக்கு மூட்டையைத் தூக்குவார், வெளுத்த மூட்டையை இறக்குவார், திரும்பிவிடுவார். ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். தெருவில் அவருக்குப் பெயர் கறை ஜோசியர்.

அவருடைய சாஸ்திரம் ரொம்ப எளிது. சாப்பாடு ருசியாக இருந்தால் கை பரபரக்கும். கை பரபரத்தால் சிந்தும். சிந்தினால் துணியில் கறை விழும். ஆக, எங்கே கறை அதிகமோ அங்கே ருசி அதிகம். துணி யாருக்கும் பயப்படாது, யாரிடமும் காசு வாங்காது, அது எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்பார்.

இந்தக் கணக்கில் கண்ணாடி ஓட்டலை அவர் மதிப்பதே இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த ஓட்டல் அது. அங்கிருந்து வரும் துணிகள் போன சுத்தத்திலேயே திரும்பி வரும். அங்கே ஜனங்கள் சாப்பிடுகிறார்களா, போட்டோ எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்களா என்று நக்கலடிப்பார். பியானோ ஓட்டல் சுமார் ரகம். அவர் தலையில் தூக்கி வைத்து ஆடியது மெழுகுவர்த்தி ஓட்டலைத்தான். அதன் துணியை விரித்தால் தேசப்படம் மாதிரி இருக்கும். சூப்பு, குழம்பு, வெண்ணெய், சாக்லேட் என்று கண்டங்களும் தீவுகளுமாகக் கிடக்கும். கூட வேலை பார்க்கும் இஸ்திரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அந்த அம்மாவும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சமைத்தவன் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்பாள்.

சாயங்காலம் லாண்டரி வாசலில் கூட்டம் கூடினால் பேச்சு தானாக ஓட்டல் விலைக்குப் போய்விடும். சலூன்காரர் ஒருமுறை எங்கேயோ போய்விட்டு வந்து, தட்டு ஸ்டீயரிங் அகலத்துக்கு இருந்தது, நடுவில் சாப்பாடு கழன்று விழுந்த சட்டைப் பொத்தான் மாதிரி கிடந்தது என்று ஆறு மாதம் புலம்பினார். டயர்க் கடைக்காரருக்குத் தண்ணீர்க் கோபம். சாதாரணத் தண்ணீரா, குமிழி விடும் தண்ணீரா என்று கேட்டார்களாம். சாதாரணம் என்று அடக்கமாகச் சொன்னதற்கும் பில் போட்டார்களாம். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் மட்டும் பெரிய ஓட்டல் பக்கம் நின்று பேசுவாள். சாப்பாட்டுக்கு மட்டுமா காசு, நாற்காலிக்கு, குளிருக்கு, மேசைப் பூவுக்கு, பாத்ரூமில் மடித்து வைத்த துண்டுக்கு எல்லாம் சேர்த்துத்தான் என்பாள். அப்படியென்றால் அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று டயர்க் கடைக்காரர் கேட்பார். கடைசியில் எல்லோரும் ஜோசியர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் ஒரு துணியை உதறித் தீர்ப்புச் சொல்லுவார். கூட்டம் கலையும்.

அவரை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டர். காலி ரூமில் பேசினாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார். ருசியாவது கறையாவது, எல்லா ஓட்டலும் பகல் கொள்ளை என்பது அவருடைய கட்சி.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கல்யாண நாள் நெருங்கியபோது மனைவி வாயைத் திறந்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள், அதிகம் பேசமாட்டாள்.

"இத்தனை வருஷமா துணியப் பாத்தே சாப்பிட்ட மாதிரி பேசிட்டீங்க. இந்த தடவ நாக்கால பாத்துட்டு வந்துடலாமே. அந்த மெழுகுவர்த்தி ஓட்டலுக்கே கூட்டிட்டுப் போங்க."

ஜோசியர் தலையைச் சொறிந்தார். செலவை நினைத்து இல்லை. சாப்பாடு நன்றாக இல்லாமல் போனால்? இத்தனை நாள் உதறிய துணியெல்லாம் அவர் முகத்திலேயே வந்து விழுமே. வேலைக்காரன் என்று ஓட்டல்காரர்கள் பின்வாசலோடு அனுப்பினாலும், தெரு அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது. அந்த நாற்காலி போய்விடுமே.

விஷயம் காதில் விழுந்ததும் மச்சான் ஓடி வந்தார்.

"மாப்ள, நானும் வரேன். பில்லு என்னோடது. கொள்ளை நடக்குறப்ப ஒரு சாட்சி வேணும்ல. மறுநாள் உன் லாண்டரி வாசல்ல நின்னு நானே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் போனார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்தால் கும்மிருட்டு. ஜன்னல்களை எல்லாம் கனத்த திரை போட்டு அடைத்து, மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று வைத்திருந்தார்கள். அதுவும் தீப்பெட்டிக் குச்சி எரிகிற வெளிச்சம்தான் கொடுத்தது.

"கரண்ட் போயிடுச்சா தம்பி?" என்று மச்சான் கேட்டதில் நாலு மேசை திரும்பியது.

"இல்ல சார். எங்க ஓட்டலோட ஸ்டைலே இதுதான்" என்றான் சர்வர்.

"பகல் கொள்ளைன்னு சொல்லலாம்னு வந்தேன். இங்க பகலே இல்லையே."

உட்காரச் சொன்னார்கள். நாற்காலி இல்லை, மெத்து மெத்தென்ற சோபா. உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டது. குள்ளமான மச்சான் தாடை வரை முழுகிப்போனார். மேசையோ எட்டத்தில் இருந்தது. அதைப் பக்கத்தில் இழுக்க ஜோசியர் கை வைத்தார். தரையோடு முடுக்கியிருந்தார்கள்.

முதலில் சின்னத் தட்டில் வெள்ளையாக, சுருட்டிய மாதிரி ஒன்று ஆவி பறக்க வந்தது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கொள்ளைக்காரன் கொடுத்ததை விடக்கூடாது என்று மச்சான் எடுத்து ஒரு கடி கடித்தார். மென்றார். விடாமல் மென்றார்.

"கொஞ்சம் சவசவன்னு இருக்கு மாப்ள. ஆனா வாசனை நல்லாருக்கு."

ஜோசியர் தன்னுடையதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அந்த வாசனை அவருக்குத் தெரியாதா?

"அத கீழ வைங்க மச்சான். அது கை தொடைக்கிற துண்டு. நான் வெளுத்தது."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு சூப்பு வந்தது. ஜோசியர் ஒரு கரண்டி மொண்டார். சோபாவில் சாய்ந்திருந்தவர் வாய்க்கும் அந்தக் கிண்ணத்துக்கும் நடுவே கரண்டி ஒரு பிரயாணமே போக வேண்டியிருந்தது. பாதி வழியில் ஒரு சொட்டு துணியில் விழுந்தது. எங்கே விழுந்தது என்று இருட்டில் பார்க்கப் போனதில் மீதியும் விழுந்தது. அடுத்த கரண்டியும் அப்படியே. மனைவி கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டாள், கிண்ணம் சாய்ந்தது. மச்சான் முழங்கையை வெண்ணெயில் ஊன்றி எழப் பார்த்தார். ஜோசியர் மெதுவாகச் சுற்றிலும் நோட்டம் விட்டார். கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. அந்த மேசையில் ஒரு தொப்பைக்காரர் குழம்பைத் தேடி டம்ளரைக் கவிழ்த்தார். இந்த மேசையில் பட்டுச் சட்டைக்காரி ஒருத்தி மீனைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஓட்டல் முழுக்க, யாரும் பரபரக்காமலே, சொட்டு சொட்டாகச் சிந்திக்கொண்டிருந்தது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ருசியும் இல்லை, பரபரப்பும் இல்லை. இருட்டும் சோபாவும் சேர்ந்து போட்ட கறையை வைத்து இத்தனை வருஷம் ஜோசியம் சொல்லியிருக்கிறார்.

வாய்க்குள் போய்ச் சேர்ந்த சூப்பைச் சொல்ல வேண்டுமானால், மூன்றாவது அலசலில் வெளியேறும் தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் காரசாரமாக இருக்கும். மீன் ஆறிப்போயிருந்தது. கறித்துண்டை வெட்ட மச்சான் கத்தியோடு மல்லுக்கட்டினார். எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு, பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஜோசியர் மென்று முழுங்கினார். சொன்னது முழுங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று, முகம் தெரியவில்லை.

பில் வந்தது. இருட்டில் எழுத்துத் தெரியாமல் மச்சான் அதை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். கடைசி வரி கண்ணில் பட்ட அதே நேரம் காகிதத்தில் தீ பிடித்தது. மச்சான் கையை உதற, அது மேசைத் துணியில் விழுந்து ஒரு ஓட்டை போட்டுவிட்டு அணைந்தது. சர்வர் பதறவே இல்லை. உள்ளே போய் இன்னொரு பில் கொண்டுவந்தான். மச்சான் கட்டினார். பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் லாண்டரி வாசலில் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். ஜோசியர் யார் முகத்தையும் பார்க்காமல் ஊறப்போட்ட துணியையே மறுபடி மறுபடி ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் வந்தார். கூட்டம் வழிவிட்டது. இன்றோடு மானம் கப்பலேறியது என்று ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ள சொன்னது சரிதான்யா" என்றார் மச்சான். "அப்படி ஒரு சாப்பாட நான் சாப்பிட்டதே இல்ல. அந்த வெல கொடுக்கலாம். தாராளமா கொடுக்கலாம்."

ஜோசியர் கண்ணைத் திறந்தார். மச்சான் இவர் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாகத்தான் விஷயம் விளங்கியது. பில் கட்டினவர் அவர். சாப்பாடு மட்டம் என்று சொன்னால், அவ்வளவு காசைக் கொட்டி ஏமாந்த முட்டாள் யார்? இத்தனை வருஷம் கொள்ளை கொள்ளை என்று கத்திவிட்டுத் தானே போய்த் தலையைக் கொடுத்தவர் யார்? வேறு வழியே இல்லை, சாப்பாடு நன்றாகத்தான் இருந்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து இஸ்திரி அக்கா மெழுகுவர்த்தி ஓட்டல் மூட்டையை அவிழ்த்தாள். மேலே இருந்த துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். சூப்பு, வெண்ணெய், குழம்பு, நடுவில் கருகிய ஓட்டை.

"இந்த டேபிள்காரங்க உசிரக் கொடுத்து சாப்பிட்டிருக்காங்க பாருங்க" என்றாள்.

ஜோசியரும் மச்சானும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் சலூன்காரர் குடும்பத்தோடு மெழுகுவர்த்தி ஓட்டலுக்குப் போனார். திரும்பி வந்து, ஆகா ஓகோ என்றார். அவர் கட்டின பில் அப்படி. டயர்க் கடைக்காரர் போனார். தண்ணீரே தேன் மாதிரி இருந்தது என்றார். ஜோசியரின் பேர் கொடிகட்டிப் பறந்தது. அவருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. துணியை உதறும்போது முன்போலச் சத்தம் வரவில்லை.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது, புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"கெளம்புங்க. கல்யாண நாள் சாப்பாடு எனக்கு இன்னும் பாக்கி. கண்ணாடி ஓட்டலுக்குப் போறோம்."

"அங்கயா? துணில ஒரு பொட்டுக் கறை இருக்காதே."

"அதுக்குத்தான் போறோம்."

கண்ணாடி வழியாகச் சாயங்கால வெளிச்சம் மேசை மேல் விழுந்தது. நாற்காலி நேராக இருந்தது, மேசை நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. துணியைத் தொட்டுப் பார்த்தார், அவர் வெளுத்ததுதான். அதை இதுவரை வெளிச்சத்தில், பூவும் டம்ளருமாக அவர் பார்த்ததில்லை. தட்டு வந்தது. கோழி, உருளைக்கிழங்கு, மேலே பழுப்பு நிறத்தில் குழம்பு. ஒரு வாய் வைத்தார். அடுத்த வாய்க்குக் கரண்டி தானாகப் போனது. கடைசியில் ரொட்டியைக் கிள்ளித் தட்டை வழித்து, வழித்த இடத்தையும் இன்னொரு தடவை வழித்தார். ஒரு சொட்டை வீணாக்க யாருக்கு மனசு வரும்?

கைதுடைத்துவிட்டுத் துணியைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. நாளைக்கு இது மூட்டையில் வரும். இஸ்திரி அக்கா விரித்துப் பார்த்துவிட்டு, இங்கே எவனும் வாய் வைக்கவில்லை போல என்பாள். கூட்டம் சிரிக்கும். சமைத்தவன் பேர் அப்படியே போய்விடும்.

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மனைவியின் தட்டோரத்தில் மிச்சமிருந்த குழம்பைக் கரண்டி நுனியால் எடுத்தார். தட்டுக்கு வெளியே கொண்டுவந்து, துணிக்கு நடுவில், நிதானமாக ஒரு சொட்டு விட்டார்.

"நல்லா விடுங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு நீங்கதான் தொவைக்கணும்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு இன்னொரு சொட்டும் விட்டார்.