நாற்பத்தாறு மில்லிமீட்டர் கடிகாரம்

ஜெயினுலாப்தீனுக்கு வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது மேலப்பாளையம். தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை ஒன்றில் முப்பத்தோராண்டுகளாகத் தோல் வெட்டுகிறார். மனைவி சுலைகா, ஒரே மகள் ஆஸியா. மகளுக்கு மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் வேலை. சுலைகாவின் மணிக்கட்டுச் சுற்றளவு பதினான்கு சென்டிமீட்டர். இவ்வாண்டு அவள் இருமுறை மயங்கி விழுந்தாள். ஒருமுறை ரேஷன் கடை வரிசையில், மறுமுறை குழாயடியில்.

ஈசிஜி எடுத்த நேரத்தில் குறையொன்றும் தெரியவில்லை. நாடித்துடிப்பு ஐம்பதுக்குக் கீழே இறங்குகிறதா என்று ஸ்மார்ட்வாட்ச் கட்டிப் பதினைந்து நாள் குறித்து வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார்.

காட்கோபர் கடையில் கடிகார முகப்பு இரண்டு அளவுகளில் இருந்தது: நாற்பத்தொன்று, நாற்பத்தாறு மில்லிமீட்டர். தோல் வெட்டுபவர்கள் எதையும் அரை அங்குலம் கூட்டியே வெட்டுவார்கள். கூடினால் நறுக்கிக்கொள்ளலாம், குறைந்தால் துண்டு வீண். ஜெயினுலாப்தீன் யோசிக்காமல் பெரியதை எடுத்தார்.

“கைக்கு வாட்ச் கட்டுனீங்களா, வாட்சுக்குக் கைய கட்டுனீங்களா?” என்றாள் சுலைகா.

“பெருசா இருந்தா நம்பரு நல்லாத் தெரியும்லா.”

நாடித்துடிப்பு நூற்றுப்பன்னிரண்டு என்று காட்டியது, அடுத்த நிமிடம் முப்பத்தெட்டு, பிறகு வெறும் கோடு. வாரில் இரண்டு துளைகள் கூடுதலாகப் போட்டு இறுக்கினார். மணிக்கட்டு சிவந்ததே தவிர எண் நிலைக்கவில்லை. பட்டறையிலிருந்து மணிக்கொரு முறை போன் செய்தார்.

“இப்ப எத்தன?”

“கோடு காட்டுது.”

“கோடுன்னா?”

“கோடுன்னா கோடுதான். உசுரோடதான் இருக்கேன். நீங்க வெட்டுறத ஒழுங்கா வெட்டுங்க.”

அன்று மூன்று துண்டுகளைத் தவறாக வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸியா தாயின் கையைத் திருப்பிப் பார்த்தாள். “வாப்பா, ரெண்டு பக்கமும் எலும்பத் தாண்டித் தொங்குது பாருங்க. சுத்தளவு மட்டும் பத்தாது, மேல தட்டையா இருக்குற எடத்தையும் அளக்கணும். அடியில நாடி பாக்குற பச்ச லைட்டு தோல்ல படவே இல்ல.”

“இன்னும் ஒரு ஓட்ட போட்டா சரியாயிரும்.”

“இது பெல்ட்டு இல்ல வாப்பா.”

அளந்தார். தட்டையான இடம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். பத்து நாள் குறித்து வைத்ததில் எது உண்மை, எது பொய் என்று பிரிக்க வழியில்லை. அந்த முப்பத்தெட்டு மெய்யாக இருந்திருந்தால் என்ற எண்ணம் அவரைச் சோறு உண்ண விடவில்லை. வாரில் துளையிட்ட கடிகாரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தார். சிறியதைத் தனியாக வாங்கினார்.

அது கையோடு படிந்து உட்கார்ந்தது. எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபது. மூன்று நாள் கோடே வரவில்லை. அவர் கொஞ்சம் மூச்சுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அரிசி களைந்துகொண்டிருந்த சுலைகா தலை சுற்றவே தரையில் உட்கார்ந்தாள். கடிகாரத்தில் நாடித்துடிப்பு நாற்பத்தொன்று.

“இதுவும் தப்பாக் காட்டுதோ?”

“இது சரியாத்தாங்க உக்காந்திருக்கு” என்றாள் அவள், கண்ணை மூடியபடி.

அவர் அவளுடைய மற்றக் கையைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். நாற்பத்தொன்றேதான்.

மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்கக் கருவி பொருத்திப் பார்த்து, கழுத்தெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தாகவேண்டும் என்றார்கள். ஜெயினுலாப்தீன் ஒன்றே ஒன்று கேட்டார்: அதன் பேட்டரி எவ்வளவு காலம் ஓடும்?

பத்து ஆண்டுகள் என்றார்கள். இதில் அரை அங்குலம் கூட்டி வெட்ட வழியில்லை.