எட்டாவது முறையும் அதே கேள்வி

இன்று காலை அம்பாங்கானில் ஒரு கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு நான் எழுதி அனுப்பிய இடைமுகத்தை, அதைப் பராமரிப்பவர்கள் எட்டாவது முறையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எதிரில் தினா. என்னோடு சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை செய்பவன்.

"என்னடா, மூஞ்சியே சரியில்ல?"

சொன்னேன். ஒரு கோப்பு டிஸ்க்கில் ஒரே இடத்தில் இருக்காது, துண்டு துண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று கெர்னலிடம் கேட்க ஒரு வழி வேண்டும். மூன்று வருடமாக வேலை முடிந்து வந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்.

"அது பதில் சொல்றதுக்குள்ள துண்டு வேற இடத்துக்குப் போயிட்டா?"

"போகலாம்."

"அப்புறம் அந்தப் பதில வச்சி என்னடா செய்றது?"

நான் கைப்பேசியை அவன் பக்கம் திருப்பினேன். மின்னஞ்சலிலும் அதே கேள்விதான் இருந்தது.

படித்துவிட்டுப் பதறினான். "டேய், நான் சும்மா கேட்டேன்லா!"

எட்டு முறை எழுதியும் அந்த ஓட்டையை என்னால் அடைக்க முடியவில்லை. ஒன்பதாவது முறை எழுதத் தெம்பும் இல்லை.

மூன்று வருடமாகத் தொழிற்சாலையில் இவன் தினமும் என் பக்கத்தில்தான் நிற்கிறான். ஒருநாளும் நான் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருப்பான். நீங்களெல்லாம் எப்படி, தொடங்குவதற்கு முன்பே யாரிடமாவது சொல்லிவிடுவீர்களா?