ஒன்பது வரிப் பலகை

பச்சைத் தாளுக்கும் தகட்டுக்கும் இடையில் காற்று தங்கிவிடக் கூடாது. வலது கை ரப்பர்ப் பட்டையை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுக்கிறது. இடது கை தாளின் பின்பக்க மெழுகுத்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கிறது. குமிழி தெரிந்தால் ஊசியால் குத்தி, மறுபடியும் இழுக்க வேண்டும். விட்டுவிட்டால் வெயிலில் முதலில் கிழிவது அந்த இடம்தான்.

கைகளுக்குரியவர் கொட்டாஞ்சேனைப் பீற்றர். பள்ளிக்கூடம் விட்ட வயதிலிருந்து ஒருகொடவத்தையில், கொள்கலன் முற்றங்களுக்கு நடுவே இருக்கும் பட்டறையில் வீதிப் பலகைகள் செய்கிறார். திரும்பி வந்த பழைய பலகைகளைப் பிரித்துப் பார்த்துத் தானாகவே வேலை பழகியவர்.

மன்னார்ப் பக்கத்து மாகாண வீதி ஒன்றின் கதை அவருக்குப் பலகைகளாகத்தான் தெரியும். அவர் வேலைக்கு வந்தபோது அது கிரவல் பாதை, பலகையே கிடையாது. தார் போட்டபோது ஊர்ப்பெயர்கள் கேட்டார்கள். சண்டை முடிந்ததும் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகள், கட்டுக்கட்டாக. வழுவழுப்பாகக் காபட் தார் போட்ட பிறகு வளைவுக் குறிகள். இப்போது அந்த வளைவுகளையே விட்டுவிட்டு நேராக ஒரு புதுவீதி போயிருக்கிறது.

விடுபட்ட வளைவுகளுக்குள் இருக்கிறது ஆத்திமோட்டை. அவருடைய தங்கை பேர்ணடெற் அங்கே கலியாணம் கட்டிப் போய், சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். மடுக் கோயிலுக்குப் போகிற பஸ்கள் அவள் வாசலில்தான் நிற்கும். புதுவீதி திறந்ததிலிருந்து ஒன்றும் வருவதில்லை.

"புதுவீதிச் சந்தியில வைக்கிற போட்ல எங்கட ஊர்ப் பேரும் இருந்தா வான்காரராவது திரும்புவாங்கள் அண்ணா," என்று போனில் சொன்னாள். "நீதானே செய்யிற."

அந்தச் சந்திப் பலகைக்கு வந்த வரைபடத்தில் மடு, மன்னார் இரண்டே பெயர்கள். மூன்று மொழியில் ஆறு வரி. பீற்றர், வீதி வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் சுபோதினியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மூண்டாவது பேர் போட எனக்குப் பிரச்சினையில்லை, பீற்றர் அண்ணை. ஆனா தகட்டைப் பெருசாக்கேலாது, கம்பம் நட்டாச்சு. ஓடுற வாகனத்தில வாசிக்கேலுமோ எண்டு நீங்களே பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டால் நானும் ஓம்."

எழுத்தைச் சிறிதாக்கி ஒன்பது வரி ஒட்டினார். பலகையை வெளி மதிலில் சாய்த்துவிட்டு, லொறி சாரதி ஷெல்டனை வீதியால் வேகமாக ஒருமுறை வரச் சொன்னார்.

"என்ன வாசிச்ச?"

"பச்சையா ஒண்டு இருந்திச்சு அய்யே." அண்ணன் என்பதைச் சிங்களத்தில்தான் சொல்வான்.

"பேரு?"

"மடு. இல்ல, மன்னாரா? பைபிள் முழுக்க ஒட்டி வெச்சா எப்பிடி வாசிக்கிற? லொறிய நிப்பாட்டி, கண்ணாடி போட்டு, ஒரு செபமும் சொல்லிட்டுத்தான் தொடங்கணும்."

பீற்றர் சிரிக்கவில்லை. லொறியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு முறை போகச் சொன்னார். ஆத்திமோட்டை எந்த வரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அப்படியும் கண் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பலகை பின்னால் போய்விட்டது.

ஓம் என்று சொன்னால் சுபோதினி நம்புவாள். பெயரைத் தேடி ஒரு வான் சந்தியில் திடீரென்று வேகம் குறைக்கும். பின்னால் பஸ் வரும்.

"வாசிக்கேலாது மிஸ்," என்றார் போனில்.

"சரி அண்ணை."

எழுத்துகளை உரித்தபோது பச்சையும் சேர்ந்து வந்தது. தகட்டைச் சுரண்டித் துடைத்துப் புதுத்தாள் ஒட்டிக்கொண்டிருக்கையில் பேர்ணடெற் போன் எடுத்தாள்.

"போட்டியா?"

"இல்ல."

"இடம் காணாதா?"

"ஒட்டிப் பாத்தன். ஓடுற வாகனத்தில வாசிக்க ஏலாது."



"மடுப் பெருநாள் மட்டும் பாத்திட்டுக் கடையைப் பூட்டுறன்," என்றாள். "நீ சாப்பிட்டியா?"

"ஓம்," என்று பொய் சொன்னார்.

ஆறு வரியும் ஒட்டி முடிந்தது. நல்ல பெரிய எழுத்து. ஷெல்டன் லொறியின் பின்கதவை இறக்கி மேலே ஏறி நின்றான்.

"இப்ப ரோட்டுட அந்தத் தொங்கல்ல இருந்தே வாசிக்கலாம் அய்யே."

பீற்றர் பலகையின் ஓரத்தைத் துணியால் துடைத்து, தலைக்கு மேலே தூக்கி அவனிடம் கொடுத்தார்.