டெனிஸ் முந்திய இடம்

பர்ன்லி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் டெனிஸ் ஆர்மரோடைத் தெரியாதவர்கள் கிடையாது. படுக்கை விரிப்பை உதறி இஸ்திரி உருளைக்குள் விடுகிற வேலை அவளுக்கு. அந்த உருளைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் திட்டினால்கூடக் காதில் விழாது. அந்தத் தைரியத்தில் அங்கே எல்லாப் பெண்களும் தொண்டை கிழியப் பாடுவார்கள். டெனிஸ் மட்டும் பாடமாட்டாள். தேநீர் நேரத்தில் ரேடியோவில் ஒரு பழைய பாட்டு வந்தால், கோப்பையை வாயருகே வைத்தபடி முடியும்வரை கேட்பாள். ‘திங்கட்கிழமையே வராதே’ என்ற பாட்டு. அந்த ஊரில் அது ஒலிக்காத கல்யாணம் இல்லை.

அந்தப் பாட்டைப் பாடியது டெனிஸ்தான். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. இருபது வயதில் சனிக்கிழமைதோறும் மில் தொழிலாளர் கிளப்பில் பாடிக்கொண்டிருந்தாள். மான்செஸ்டரிலிருந்து வந்த ஒருவர் கேட்டுவிட்டு, “ஒரு பாட்டு வச்சிருக்கோம். மாதிரிக்குத்தான், வந்து பாடிக் குடும்மா” என்றார். ஒரு மத்தியானம் ரயிலேறிப் போய்ப் பாடினாள். பல்லவி இரண்டாம் தடவை வரும்போது தாளத்தில் ஒரு தட்டு முந்தியே தொடங்கிவிட்டாள். இன்னொரு தடவை பாடட்டுமா என்று கேட்டாள். மாதிரிதானே, போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து டிவியில் பனைமர உயரத்தில் ஒரு பெண் இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றாள். பெயர் ரோமி டேன். வாய் அவளுடையது, குரல் டெனிஸுடையது. முந்தினதைக்கூட வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னாள். “ஊர் சிரிக்கும், சும்மா இரு” என்றாள் அம்மா. பிறகு ராய் பெண்கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவனிடம் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதோடு அவள் வாயை மூடினாள். அவனையே கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, அனுப்பியும் வைத்தாள்.

கோபமெல்லாம் எப்போதோ வடிந்துபோயிற்று. மிஞ்சியது ஒரு குறுகுறுப்பு. டிவியில் வாயசைக்கலாம். திறந்த மைதானத்தில், காற்றிலும் தூறலிலும், அறுபது தாண்டிய ரோமி டேன் வாயைத் திறந்தால் யாருடைய குரல் வரும்? அந்தக் குரலின் சொந்தக்காரியை அவள் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருப்பாளா? இந்த ஜூலையில் எண்பதுகளின் பாட்டுத் திருவிழா ஊர்ப் பூங்காவுக்கே வருகிறது, ரோமி டேனும் வருகிறாள் என்று சுவரொட்டி பார்த்ததும், டெனிஸ் அன்றைக்கே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

“மழையில உக்காந்து கெழவிங்க பாட்டக் கேக்கணுமா?” என்றான் ராய். டயர் மாட்டுகிற கடையில் வேலை அவனுக்கு. எதுவாக இருந்தாலும் முதலில் வேண்டாம் என்பான்.

“நீயும் கெழவன்தான். வா.”

வந்தான். தலையில் அவள் கட்டிவிட்ட ரோஜா நிறப் பட்டையோடு, தேநீர்க் குடுவையில் பீரை ஒளித்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்ற காவலாள் குடுவையைக் குலுக்கிப் பார்த்தான். “தேநீர் நொரையா இருக்கே, அண்ணாச்சி?” என்றான். ராய் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, “எங்க வீட்டுப் பால் அப்படி” என்றான். காவலாள் தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே விட்டான்.

மடக்கு நாற்காலிகள் புல்வெளி முழுக்க வரிசை பிடித்திருந்தன. பேரன் பேத்தி எடுத்த பெண்கள் எண்பதுகளின் மோஸ்தரில் பச்சை வலைப்பாவாடையும் கம்பளிக் கெண்டைக்கால் உறையுமாகத் திரிந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஆரஞ்சு நிறப் பொய்முடி வைத்த ஒருத்தி, மடியில் பன்றிக்கறிப் பணியாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் வெண்டி, ஆக்ரிங்டன் ஊர் என்று கேட்காமலே சொன்னாள். எட்டு வருஷமாக எந்த ஊரில் இந்தத் திருவிழா நடந்தாலும் போய்விடுவாளாம்.

“ரோமி டேனைப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள் டெனிஸ்.

“பாக்காமயா. நல்ல பொம்பள.”

“அவங்களே பாடுறாங்களா, இல்ல ரெக்கார்டு போட்டுட்டு வாயசைக்கிறாங்களா?”

“பொறுங்க, அவங்க வாயாலயே கேப்பீங்க” என்று சொல்லிவிட்டு வெண்டி பணியாரத்தைக் கடித்தாள்.

நாலு மணி வாக்கில் ரோமி டேன் மேடைக்கு வந்தாள். உயரம் அதேதான். வெள்ளிச் சரிகைச் சட்டை, காலில் பழைய ஓட்டப்பந்தயக் காலணி. மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

“செல்லங்களா, உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கததான். முதல் பத்து வருஷம் என் காலு மட்டுந்தான் வேல பாத்துச்சு. இந்தப் பாட்டப் பாடுனது வேற பொண்ணு. அப்புறம் எனக்கே வெக்கமாப் போயி, வாத்தியார் வச்சுப் பாட்டுக் கத்துக்கிட்டேன். அதனால இன்னைக்கு நீங்க கேக்கப்போறது என் சொந்தத் தொண்ட. மழையில நனைஞ்ச தொண்ட. பொறுத்துக்கோங்க.”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. டெனிஸுக்குக் கை எழவில்லை.

ராய் வெண்டி பக்கம் சாய்ந்தான். “அப்போ அதப் பாடுனது யாரு?”

“யாரோ ஒரு பொண்ணு. பேரு தெரியாது. செத்துப்போச்சுன்னு கேள்வி.”

“அப்படியா, பாவம்” என்றாள் டெனிஸ்.

ராய் மெதுவாகத் தன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். பட்டை ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் முரசு அடித்துப் பாட்டு தொடங்கிவிட்டது.

ரோமி டேனுடைய குரல் கனத்த குரல், கொஞ்சம் கரகரப்பு. டெனிஸ் தொட்ட உச்சியை அது தொடவில்லை. கீழேயே நின்று, தன் பாட்டுக்கு நேர்மையாகப் பாடியது. டெனிஸ் கழுத்தை நீட்டி, கடைக்காரன் தராசைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியையும் கவனித்தாள். பரவாயில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் குறுகுறுப்பு அதோடு தீர்ந்தது.

பல்லவி இரண்டாம் தடவை வந்தது. ரோமி டேன் வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். அத்தனை ஆயிரம் பேரும் ஒரு தட்டு முந்தித் தொடங்கினார்கள். மேளக்காரன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டான். ஒருவர்கூடப் பிந்தவில்லை. டெனிஸ் அன்றைக்குத் தெரியாமல் செய்த தப்பை ஒரு மைதானமே மனப்பாடமாக வைத்திருந்தது. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் ராய் கேட்டான், “நீ அப்போ ஒரு நாள் சொன்னியே…”

“சொன்னேன்.”

“நான் சிரிச்சேன்.”

“உருண்டு உருண்டு சிரிச்ச.”

ராய் குடுவையைத் திறந்தான், குடிக்காமல் மூடினான். “அப்புறம் ஏன் சொல்லவே இல்ல?”

“மறுபடி நீ சிரிச்சிருந்தா உன்னக் கட்டியிருக்க மாட்டேன். அதுக்குள்ள அம்மா கல்யாண மண்டபத்துக்குப் பணம் கட்டிட்டா.”

அவன் எழுந்து நின்று, “வா, போய்ச் சொல்லுவோம்” என்றான்.

“ஒன்னும் சொல்ல வேணாம். ஒரு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான். நீ வாயத் தொறந்தா தனியாத்தான் வீட்டுக்குப் போவ.”

மேடைக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ரோமி டேன் பெஞ்சில் உட்கார்ந்து படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசை கழிப்பறைக் கூண்டுகள் வரை நீண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு வரிசை என்பது கோயில் மாதிரி. அதில் முந்துவதும் பாவம், அதை நிறுத்திவைப்பதும் பாவம். டெனிஸ் ஒரு மணி நேரம் நின்றாள். பின்னால் ராய் பாதிரியார்போல் கைகட்டி நின்றான்.

கிட்டத்தில் பார்த்தால் ரோமி டேன் மூக்குக்கண்ணாடி போட்ட சாதாரணப் பெண்பிள்ளை. முழங்காலுக்குத் தடவிய தைலம் வாடை அடித்தது.

“ஒரு சந்தேகம்” என்றாள் டெனிஸ். “ரெண்டாவது பல்லவியில நீங்க முந்த மாட்டேங்கறீங்க. கூட்டத்துக்கு விட்டுடுறீங்க. ஏன்?”

ரோமி டேன் பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள். “அது என்னோடது இல்ல, செல்லம். மத்ததெல்லாம் உழைச்சு என்னோடதா ஆக்கிக்கிட்டேன். அந்த எடம் மட்டும் அந்தப் பொண்ணோடது. அத எடுத்துக்க மனசு வரல. யாருன்னு கேட்டுப் பாத்தேன், கம்பெனிக்காரங்க சொல்லவே மாட்டேன்னுட்டாங்க.” ஒரு படத்தை இழுத்து முன்னால் வைத்தாள். “யார் பேருக்கு எழுதட்டும்?”

“டெனிஸ்.” அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தாள். வாய் நிற்கவில்லை. “முந்துனது நான்தான்.”

பேனா நின்றது. ரோமி டேன் கண்ணாடியைக் கழற்றினாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. குரலை இறக்கி, “அப்போ ஏன் முந்துனீங்கன்னு சொல்லுங்க” என்றாள்.

“ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளு காதச் சொறியக் கையத் தூக்குனாரு. எனக்குத்தான் சைகை காட்டுறாருன்னு நெனச்சு ஆரம்பிச்சுட்டேன்.”

ரோமி டேன் அவளையே பார்த்தாள். “சுருட்டு வச்சிருந்த ஆளா? குட்டையா?”

“சுருட்டு அந்தக் காதுலதான் சொருகியிருந்துச்சு.”

“அட பாவி மனுஷா” என்று ரோமி டேன் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “அது காதல் அடக்க முடியாமப் பொங்கி வந்த எடம்னு நான் எத்தன பேட்டியில சொல்லியிருக்கேன் தெரியுமா? கண்ணாடி முன்னால நின்னு அந்த முந்தலுக்கு ஒரு வாரம் வாயசைச்சுப் பழகுனேன். கடைசியில காதுச் சொறியா?”

டெனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் ராய் தொண்டையைக் கனைத்தான். அதற்கும் பின்னாலிருந்து ஒரு குரல், “அங்க என்ன, குடித்தனம் நடத்துறாங்களா?” என்றது.

ரோமி டேன் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினாள். “இப்படி உக்காரு. இன்னொன்னு கேக்கணும். ரெண்டாவது சரணத்துல மூச்ச எங்க வாங்குன? இன்னை வரைக்கும் எனக்கு அந்த எடத்துல மூச்சு முட்டுது.”

டெனிஸ் திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஒரு வரிசையையும் அவள் நிறுத்தியதில்லை. “ராய், அவங்கள கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வயிற்றில் கை வைத்து, எங்கே மூச்சு வாங்குவது என்று பாடிக் காட்டத் தொடங்கினாள்.