வயர் இல்லாத மவுஸ்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வருடம் சேர்ந்த நாற்பத்திரண்டு பேரில் அவள்தான் மூத்தவள், முப்பத்தாறு வயது. கடைசி நாளில் ஓடிவந்து சேர்ந்ததால் வருகைப் பதிவேட்டிலும் கடைசி, நாற்பத்திரண்டாம் நம்பர். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள். வேலைக்கான விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று அவள் விரல் படாத காகிதம் அந்தத் தெருவில் கிடையாது.

அந்த ப்ராஜெக்ட்தான் அவளைக் கிளப்பிவிட்டது. பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும். அப்பா வந்து, "சூரியக் குடும்பம், பத்துப் பக்கம், கலர்ல போட்டுடுங்க" என்பார். இவள் போட்டுக் கொடுப்பாள். பிள்ளைக்கு முழு மார்க். இப்படி எத்தனை நூறு! ஒருநாள் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தவள் புருஷனிடம், "நான் டீச்சர் ஆகப்போறேன். இதுகளை உக்காரவச்சு யாராவது சொல்லிக்குடுக்க வேண்டாமா?" என்றாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "நீ படி, சமையலை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார், பாவம். அந்தச் சமையலைத் தின்றவர்கள்தான் பாவத்திலும் பாவம்.

சரி, கல்லூரிக்கு வருவோம். அங்கே 'கல்வியில் தொழில்நுட்பம்' என்று ஒரு பாடம். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் அறை. அறையில் இருபது கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை. கதவில் பூட்டு. சாவி அந்தப் பாடத்தை நடத்துகிறவரின் பேண்ட் பாக்கெட்டில். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நோட்டு சார். எதைக் கேட்டாலும் "ரெக்கார்டு நோட்டுல எழுதிட்டியா?" என்பதுதான் அவர் பதில்.

அவர் பாடம் நடத்திய லட்சணத்தைக் கேளுங்கள். பக்கத்து அறையில் கரும்பலகையில் மவுஸ் படம் வரைவார். பிள்ளைகள் அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைய வேண்டும். பாகங்களைக் குறிக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற கட்டங்களைக்கூட ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கலர் பென்சிலால் நிரப்ப வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருபது கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, ஐயா! இந்தப் பக்கம் நாற்பத்திரண்டு பேர் அதைப் படம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் வரைந்த மவுஸுக்கு நோட்டு சார் சிவப்பு மையால் பெரிய தப்புப் போட்டார்.

"வயர் எங்கேம்மா?"

"இது வயர் இல்லாத மவுஸ் சார். எங்க கடையில அதுதான் இருந்துச்சு."

"வயர் இல்லாம அது எப்படி வேலை செய்யும்? கடையில எதையோ பாத்துட்டு வந்து இங்க பேசாதே. போர்டுல இருக்கறதை வரை."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பைத் திருத்தவும் இல்லை. வயர் இல்லாத மவுஸ் அப்படியே நோட்டில் இருந்தது.

இடையில் ஒரு மாதம் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாலாம் வகுப்பு. செடியின் தண்டில் தண்ணீர் மேலே ஏறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஒரு வெள்ளைப் பூவைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி, செல்போனில் மணிக்கொரு படமாகப் பிடித்து, வரிசையாக ஓடவிட ஏற்பாடு செய்திருந்தாள். முதல் நாள் நடுவகுப்பில் போன் செத்துவிட்டது. சார்ஜ் இல்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். பதினோரு வருடம் மெஷினோடு குடித்தனம் நடத்தியவள் வாயடைத்து நின்றாள். மறுநாள் போனில் சார்ஜும் இருந்தது, கையில் நிஜப் பூவும் இருந்தது, போன் செத்தால் பலகையில் என்ன வரைவது என்ற கணக்கும் மனதில் இருந்தது. பூ வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியை எழுந்தே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, பாஸ் பண்ணிட்டு நேரா இங்க வந்துடுங்க. ஜூன்ல நாலாம் வகுப்பு இடம் காலியாகுது. உங்களுக்காக வச்சிருக்கேன். ஆனா சர்டிபிகேட் கையில இருக்கணும், அதுல மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று முதல் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நாலாம் வகுப்பு, ஜன்னலோர மேஜை, ஜூன் மாதம்.

கடைசி மாதத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த நீங்கள் எந்த அளவுக்குத் தயார்? முழுமையாகத் தயார், ஓரளவு தயார், தயார் இல்லை. இப்படி முப்பது கேள்வி. இந்தப் பதில்களை வைத்துத்தான் கல்லூரிக்குத் தரம் போடுவார்கள்.

கல்லூரி முதல்வர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலிகூடக் காட்டினார்.

"உக்காரும்மா. இந்தப் பிள்ளைங்க எதையாவது தப்பா அழுத்தித் தொலைக்கும். நாப்பத்திரண்டு பேருக்கும் நீயே போட்டுடு. எல்லாத்துக்கும் முழுமையாகத் தயார்னு போட்டுடு. உனக்குத்தான் இதெல்லாம் கை வந்த கலையாச்சே."

கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்பத் தெரியாத பிள்ளைகள், கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்த முழுமையாகத் தயார்! அதையும் இவளே போட வேண்டும்! சூரியக் குடும்பம், பத்துப் பக்கம், கலரில்!

"அறைச் சாவி வேணும் மேடம்" என்றாள்.

சாவி வந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது நோட்டு சாரின் பாக்கெட்டை விட்டு வெளியே வந்தது. அவள் நேரே வகுப்புக்குப் போனாள்.

"எல்லாரும் எந்திரிங்க. கம்ப்யூட்டர் ரூமுக்கு வாங்க."

"எதுக்குக்கா?"

"உங்க படிவத்தை நீங்களே போடறதுக்கு. நான் யாருக்கும் போட்டுத் தரமாட்டேன். அடுத்தவங்களுக்கு ப்ராஜெக்ட் பண்ணிக் குடுத்த பாவமே எனக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும்."

உறைகளை உருவிப் போட்டார்கள். தூசியில் பாதிப் பேர் தும்மினார்கள். இருபதில் பதினொன்றுக்குத்தான் உயிர் இருந்தது. வகுப்பிலேயே சின்னவள், முன் பெஞ்சில் உட்காருகிற ஒல்லிப்பெண், முதலில் உட்கார்ந்தாள். செல்போனில் அவள் கட்டைவிரல் பறக்கும். மவுஸைப் பிடித்ததும் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது கெட்டுப்போச்சு. மேல தள்ளினா அம்பு கீழ வருது."

ஜெராக்ஸ் அக்கா குனிந்து பார்த்தாள். மவுஸின் வயர் அந்தப் பெண்ணின் மணிக்கட்டுக்குக் கீழே தொங்கியது. தலைகீழாகப் பிடித்திருந்தாள். அடுத்த மேஜையைப் பார்த்தாள், அங்கேயும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. உட்கார்ந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் மவுஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி இப்படிப் பிடிக்கச் சொன்னது?"

"ரெக்கார்டு நோட்டுல அப்படித்தானேக்கா இருக்கு!"

நோட்டு சார் கரும்பலகையில் இடம் போதாமல் வயரைக் கீழ்நோக்கி இழுத்து வரைந்திருந்தார். இரண்டு வருடமாக ஒவ்வொரு நோட்டிலும் அது அப்படியே ஏறியிருந்தது. முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்த தண்ணீர் இல்லை, ஆத்திரத்தில் வந்தது. நல்ல பிள்ளைகள்! நாளைக்கு ஆளுக்கு முப்பது நாற்பது குழந்தைகளைக் கையில் வாங்கப்போகிறவர்கள்! இப்படியா ஏமாற்றி அனுப்புவார்கள்?

ஒவ்வொருத்தி கையிலும் மவுஸைத் திருப்பி வைத்தாள். சாயங்காலம்வரை வரிசையாக உட்கார வைத்தாள். முதல் கேள்வி வந்ததும் சின்னவள் கேட்டாள், "என்ன போடணும்க்கா?"

"உனக்கு என்ன தோணுதோ அதைப் போடு."

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். தன் கையிலிருந்த மவுஸைப் பார்த்தாள். 'தயார் இல்லை' என்பதில் அழுத்தினாள். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் 'தயார் இல்லை' போட்டார்கள், மூன்று பேர் 'ஓரளவு'. போன் செத்த அந்த முதல் நாளை நினைத்துக்கொண்டு ஜெராக்ஸ் அக்காவும் 'ஓரளவு' போட்டாள்.

மறுநாள் முதல்வர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் காலேஜைக் கவுத்துட்டியே! சோறு போட்ட கையையே கடிச்சுட்டியே!" என்றார் முதல்வர்.

"சோறு போட்டது என் புருஷன் மேடம். அதையும் என்னால முழுசா முழுங்க முடியல" என்றாள் அவள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாயில் வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, பரீட்சை எல்லாம் முடிந்து வீட்டில் இருந்தபோது போன் வந்தது. நோட்டு சார். குரலில் தேன் ஒழுகியது.

"அம்மா, ஒரு சின்ன உதவி. கிளார்க் லீவு. உங்க எல்லாருக்கும் நான் போட்ட மார்க்கை ஆன்லைன்ல ஏத்தணும். இன்னிக்கு அஞ்சு மணியோட மூடிடுவாங்களாம். ஏத்தலேன்னா மொத்த வகுப்பும் ஃபெயிலாம். கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

மொத்த வகுப்பு என்றதால் வந்தாள். கம்ப்யூட்டர் அறையில் ஒன்று மட்டும் உறை கழற்றி ஓடிக்கொண்டிருந்தது. நோட்டு சார் தன் கையால் எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இதைப் பாத்து அடிச்சுடு. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் காகிதத்தின் அடியைப் பார்த்தாள். இருபத்தைந்துக்குப் பதின்மூன்று எடுத்தால் பாஸ், இல்லையென்றால் இன்னொரு வருடம். நாற்பத்திரண்டாம் நம்பருக்கு நேரே பதினொன்று.

"சார், நில்லுங்க. எனக்கு ஏன் பதினொண்ணு?"

அவர் மென்று விழுங்கினார். "மவுஸ் படம் தப்பு, திருத்தச் சொல்லியும் திருத்தல... அதோட அன்னிக்கு நீ பண்ணின காரியம்... மேடம் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

கூச்சநாச்சம் என்று ஒன்று இருந்தால் இந்தக் காகிதத்தை இவள் கையிலேயே கொடுத்து அடிக்கச் சொல்வாரா ஒரு மனுஷன்? இவள் நினைத்திருந்தால் அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதினொன்றை இருபத்தொன்று ஆக்கியிருக்கலாம். திரையில் எதைப் போட்டாலும் அவருக்குப் புரியப்போவதில்லை. நாலாம் வகுப்பு, ஜன்னலோர மேஜை. ஒரு விரல் தூரம்தான். அந்த விரல் எழத்தான் பார்த்தது. ஆனால் அடுத்தவர் பொய்யை அடித்து அடித்துக் கசந்துபோய்த்தானே கடையை விட்டு வந்தாள்? சொந்தப் பொய்யில் ஆரம்பிக்கவா?

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நீங்களே உக்காந்து அடிங்க சார்."

"எனக்கா? எனக்கு எங்கேம்மா..."

"நான் பக்கத்துல நிக்கறேன். மணி மூணு ஆச்சு."

அவர் உட்கார்ந்தார். மவுஸைக் கையில் எடுத்தார். வயர் அவர் மணிக்கட்டுக்குக் கீழே தொங்கியது.

"திருப்பிப் பிடிங்க சார்" என்றாள்.

நாற்பத்தொரு மார்க் ஏறுவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். தப்பாக அடித்ததையெல்லாம் அவள் அழிக்கவைத்து மறுபடி அடிக்கவைத்தாள். சின்னவளுக்குப் பதினேழு. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பேப்பர்ல என்ன இருக்கோ அதை அடிங்க."

ஒன்றை அடித்தார். இன்னொரு ஒன்றை அடித்தார். சட்டைக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதை எப்படிம்மா சேவ் பண்றது?"

மணி ஐந்துக்குப் பத்து நிமிடம். அவள் பேசாமல் இருந்தால் போதும். பதினொன்றும் போகும், சின்னவளின் பதினேழும் போகும், நாற்பத்தொரு பேரின் மார்க்கும் போகும். நோட்டு சாரின் கழுத்தை நெரிக்கத்தான் கை துடித்தது என்று பிற்பாடு புருஷனிடம் சொன்னாள்.

"வலது பக்கம், கீழே, பச்சைக் கட்டம்" என்றாள். "அழுத்துங்க."

அழுத்தினார். 'பதிவு செய்யப்பட்டது' என்று திரையில் வந்தது.

"அப்பாடா!" நோட்டு சார் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். முகமெல்லாம் பல். தான் எதை அழுத்தினோம் என்பதே அந்த நிமிடத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. "ரொம்ப தேங்க்ஸ்மா. நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ!"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க சார். அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பேன். அதைத்தானே இப்ப அழுத்தினீங்க."